நாய்க்குட்டியின் வயிறு பெருத்திருந்தால் சந்தோஷப்படாதீர்கள்



ஆட்டுக்கு மழைக்கு முன்னால் ஒரு தடவை, மழைக்குப் பின்னால் ஒரு தடவை என்று புழு மருந்து ஊற்றுகிறீர்கள. கன்று பிறந்து பத்துப் பதினைந்து நாளில் அதற்கும் கொடுக்கிறீர்கள். ஆனால் களத்துமேட்டையும் பட்டியையும் ராத்திரி முழுக்கக் கண் மூடாமல் காக்கிற நாய்க்கு என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டால், "அது நாய்தானுங்களே, அது பாட்டுக்கு வளரும்" என்றுதான் பதில் வருகிறது. இன்றைக்கு அந்த நாயைப் பற்றி, அதிலும் புதுசாக வீட்டுக்குக் கொண்டுவந்த குட்டியின் வயிற்றைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு பெரியவர், கையில் ஒரு ஓலைக்கூடை, பக்கத்தில் ஏழெட்டு வயசுப் பேரன், இப்படி மருந்தகத்துக்கு வந்தார். கூடைக்குள்ளே ஒரு சிப்பிப்பாறைக் குட்டி. பிறந்து முப்பது நாள் இருக்கும். "ஐயா, நேத்து வரைக்கும் துள்ளிக்கிட்டுத்தான் இருந்துச்சு. இன்னிக்கு எந்திரிக்க மாட்டேங்குது. சாப்பாட்டுக்கு ஒரு கொறையும் வெக்கலீங்க. வயித்தப் பாருங்க, எப்படி நெறஞ்சு இருக்குன்னு" என்றார்.

வயிறு நிறைந்துதான் இருந்தது. மத்தளம் மாதிரி. ஆனால் முதுகெலும்பைத் தடவினால் ஒவ்வொரு முள்ளும் விரலில் தட்டுப்பட்டது. உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தேன். சுண்ணாம்பு அடித்த சுவர் தோற்றுப் போகும், அப்படி வெளுத்துக் கிடந்தது. பார்த்துக்கொண்டு இருக்கும்போதே குட்டி வாந்தி எடுத்தது. பாலோடு சேர்ந்து ஒரு கொத்துப் புழு, இடியாப்பம் பிழிந்தது போல, உயிரோடு நெளிந்துகொண்டு விழுந்தது. என்னால் ஆனதைச் செய்தேன். சாயங்காலம் வரை தாங்கவில்லை. "வயிறு நெறஞ்சுதானே தாத்தா இருந்துச்சு?" என்று அந்தப் பையன் கேட்டுக்கொண்டே போனான்.

அந்த ஒரே ஈற்றில் பிறந்த மற்ற மூன்று குட்டிகள் எந்தெந்த வீட்டுக்குப் போயின என்று பெரியவரிடம் கேட்டு, அன்றைக்கே சொல்லி அனுப்பினேன். மூன்றுக்கும் மருந்து கொடுத்தோம். மூன்றும் பிழைத்தன. நான்குக்கும் ஒரே தாய், ஒரே பால். மருந்து போய்ச் சேர்ந்த நாள்தான் வித்தியாசம்.

சரி, முப்பது நாள் குட்டிக்கு இத்தனை புழு எங்கிருந்து வந்தது? மண்ணைத் தின்றதா, இனிப்பைத் தின்றதா? ரெண்டும் இல்லை. வெல்லம் தின்றால், பால் குடித்தால் புழு வரும் என்பது குழந்தைக்கும் சரி, குட்டிக்கும் சரி, வெறும் பேச்சு. இந்த உருண்டைப்புழு தாயின் வயிற்றிலேயே குட்டிக்குள் போய்விடுகிறது. தாய் நாயின் சதைக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத இளம்புழுக்கள் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் அசையாமல் தூங்கிக்கொண்டு இருக்கும். நாய் சினையானதும், ஏறக்குறைய நாற்பதாம் நாளுக்கு மேல், அவை விழித்துக்கொண்டு கருவில் இருக்கிற குட்டிக்குள் நுழைந்துவிடும். குட்டி பிறந்ததும் அதன் நுரையீரலுக்குப் போய், இருமலோடு தொண்டைக்கு வந்து, விழுங்கப்பட்டு, குடலில் இறங்கி வளரும். மூன்று வாரத்துக்குள் முட்டை போடுகிற அளவுக்குப் பெரிய புழுவாகிவிடும். சாண் நீளத்தை எட்டுகிற புழுக்கள் குட்டியின் சின்னக் குடலில் நூற்றுக்கணக்கில் இருந்தால் சோறு எங்கே போகும்? நீங்கள் ஊற்றுகிற பால் யாருக்குப் போகிறது?

இன்னொன்று கொக்கிப்புழு. இது தாய்ப்பால் வழியாக வரும், ஈர மண்ணில் இருந்து தோல் வழியாகவும் நுழையும். அரை அங்குல நீளம்தான். ஆனால் குடல் சுவரைப் பல்லால் கவ்விக்கொண்டு ரத்தத்தை உறிஞ்சும். ஈறு வெளுப்பது, மலம் தார் மாதிரிக் கறுத்துப் போவது, குட்டி ஓரிடத்தில் சுருண்டு கிடப்பது எல்லாம் இதன் வேலை. உருண்டைப்புழு குட்டியைப் பட்டினி போட்டு மெலிய வைக்கிறது என்றால், கொக்கிப்புழு ரத்தத்தையே குடித்துவிடுகிறது. பெரியவர் கொண்டுவந்த குட்டிக்கு ரெண்டும் இருந்தது.

அதனால்தான் முதல் மருந்தை மூன்று மாதம் ஆகட்டும், ஆறு மாதம் ஆகட்டும் என்று தள்ளிப் போடக் கூடாது என்கிறோம். குட்டி பிறந்த பதினைந்தாம் நாள் முதல் தவணை. அப்புறம் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை, அதாவது நாலாவது வாரம், ஆறாவது வாரம், எட்டாவது வாரம். அதற்குப் பின் ஆறு மாதம் ஆகும் வரை மாதம் ஒரு தடவை. பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போதும். தாய் நாய்க்கும் குட்டிகளுக்குக் கொடுக்கிற அதே நாளில் கொடுத்துவிட வேண்டும். தாயை விட்டுவிட்டுக் குட்டிக்கு மட்டும் கொடுப்பது, வாய்க்காலை அடைக்காமல் வயலில் நிற்கிற தண்ணீரை இறைப்பது மாதிரி.

"ஒரு தடவைதான் கொடுத்தாச்சே, கொத்துக் கொத்தா வெளியே வந்துடுச்சே, இன்னும் எதுக்கு?" என்று நிறையப் பேர் கேட்பார்கள். மருந்து குடலில் இருக்கிற புழுவைத்தான் முக்கியமாகத் தாக்கும். நுரையீரலிலும் மற்ற இடத்திலும் பயணத்தில் இருக்கிற இளம்புழு தப்பிவிடும். ரெண்டு வாரத்தில் அது குடலுக்கு இறங்கிவிடும். அதைப் பிடிக்கத்தான் அடுத்த தவணை. களை எடுத்த வயலில் மறுபடி முளைக்கிறதை ரெண்டாம் களை எடுக்கிற கணக்குத்தான்.

நீங்கள் குட்டியை வெளியூரில் இருந்து வாங்கி வந்தீர்கள், அது என்ன மருந்து தின்றது என்று தெரியாது என்றால், ஒன்றும் தின்னவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். வந்த ஓரிரு நாளில் ஒரு தவணை, ரெண்டு வாரம் கழித்து இன்னொன்று. ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். குட்டி ரொம்பத் தளர்ந்து, வாந்தி பேதியோடு இருந்தால் நீங்களாக மருந்து கொடுக்காமல் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். புழுக்கள் ஏராளமாக ஒரே சமயத்தில் செத்துத் திரண்டால் குடல் அடைத்துக்கொள்வதும் உண்டு.

எந்த மருந்து, எவ்வளவு? குட்டிகளுக்கு என்றே பைரன்டல் திரவ மருந்து இருக்கிறது. உருண்டைப்புழுவுக்கும் கொக்கிப்புழுவுக்கும் நன்றாகக் கேட்கும். ஃபென்பென்டசோல் என்பது இன்னொன்று. கிலோ எடைக்கு 50 மில்லிகிராம் வீதம் மூன்று நாள் தொடர்ந்து கொடுக்க வேண்டும். ரெண்டு கிலோ குட்டிக்கு ஒரு நாளைக்கு 100 மில்லிகிராம். எல்லாமே எடைக் கணக்கு. "ஒரு மூடி ஊத்துங்க, அரை மாத்திரை குடுங்க" என்கிற கணக்கு நாய்க்குட்டியிடம் ஆகாது. காய்கறிக் கடைத் தராசு, பருத்தி நிறுக்கிற தராசு எதுவானாலும் சரி, குட்டியை ஒரு பையில் வைத்து நிறுத்துப் பாருங்கள். நின்று எடை பார்க்கிற மெஷின் இருந்தால், குட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு தடவை, தூக்காமல் ஒரு தடவை ஏறி இறங்கிக் கழித்துக்கொள்ளலாம். இந்த மருந்துகளுக்குக் குட்டியைப் பட்டினி போட வேண்டியது இல்லை. கொஞ்சம் சோற்றோடு கலந்தே கொடுக்கலாம்.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். ஆட்டுக்கு வாங்கி வைத்த மருந்து மிச்சம் இருக்கிறது, அதையே ரெண்டு சொட்டு ஊற்றலாம் என்று நினைக்காதீர்கள். ஆட்டுக்கும் மாட்டுக்கும் போடுகிற ஐவர்மெக்டின் ஊசி மருந்து பெரிய உடம்புக்கு ஏற்றபடி செய்தது. ரெண்டு கிலோ குட்டிக்குக் கண் அளவில் போட்டால் தள்ளாடி, கண் தெரியாமல், நினைவு தப்பி விழுந்த குட்டிகளைப் பார்த்திருக்கிறேன். புகையிலையை ஊற வைத்த தண்ணீர் கொடுக்கிற பழக்கமும் சில இடத்தில் இருக்கிறது. அது புழுவுக்கு முன்னால் குட்டியைக் கொன்றுவிடும். பூண்டை அரைத்து உருட்டிக் கொடுப்பதும் வேண்டாம். பூண்டும் வெங்காயமும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கிறவை. ஏற்கெனவே ரத்தம் குறைந்த குட்டிக்கு அது எரிகிற நெருப்பில் எண்ணெய்.

இனி சாப்பாடு. நம்மிடம் இருக்கிற பெரிய குறை, குட்டியைக் கண் திறந்ததும் தாயிடம் இருந்து பிரித்துத் தூக்கி வந்துவிடுவது. "சின்னதா இருக்கும்போதே கொண்டாந்தாத்தான் நம்மகிட்ட ஒட்டும்" என்று ஒரு நினைப்பு. எட்டு வாரம் வரையாவது தாயோடு விடுங்கள். எட்டு வாரத்தில் வந்த குட்டியும் உங்கள் காலைத்தான் சுற்றும்.

நாய்ப் பாலும் பசும்பாலும் ஒன்று இல்லை. நாய்ப் பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலைப் போல ரெண்டு மடங்கு இருக்கும், பாலில் உள்ள சர்க்கரை குறைவு. பசும்பாலில் அந்தச் சர்க்கரை கூடுதல். அதைச் செரிக்க முடியாமல்தான் பல குட்டிகள் பால் குடித்ததும் தண்ணியாகக் கழிகின்றன. பால் நல்லதாயிற்றே என்று இன்னும் ரெண்டு டம்ளர் ஊற்றுவோம், இன்னும் கழியும். தாயோடு இருக்கிற குட்டிக்குப் பசும்பால் தேவையே இல்லை. எட்டு வாரக் குட்டிக்குக் குழைய வடித்த சோறு, வேக வைத்த முட்டை, எலும்பு இல்லாமல் வேக வைத்துப் பிசைந்த கோழிக்கறி அல்லது மீன், கொஞ்சம் தயிர் இதெல்லாம் ஒத்துக்கொள்ளும். கேப்பைக்கூழும் கொடுக்கலாம், ஆனால் கூழை மட்டுமே ஊற்றி வளர்த்தால் குட்டி வளராது. வளருகிற உடம்புக்குப் புரதம் வேண்டும். மூன்று மாதம் வரை ஒரு நாளைக்கு நாலு வேளை, கொஞ்சம் கொஞ்சமாக. ஆறு மாதம் வரை மூன்று வேளை. பிறகு ரெண்டு வேளை.

முதல் ஒரு வாரம் குட்டி பழைய வீட்டில் என்ன தின்றதோ அதையே கொடுங்கள். இடம் மாறிய பயத்திலேயே குட்டிக்கு வயிறு கலங்கும், அதோடு சாப்பாட்டையும் மாற்றினால் கேட்க வேண்டாம். புது உணவை நாளுக்குக் கொஞ்சமாகக் கலந்து பழக்குங்கள். மிச்சக் குழம்பை ஊற்றாதீர்கள், அதில் மிளகாயும் சின்ன வெங்காயமும் இருக்கிறது. வேக வைத்த கோழி எலும்பு ஊசி ஊசியாக உடைந்து குடலைக் குத்தும். குடிக்கிற தண்ணீர் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும், மாட்டுத் தொட்டித் தண்ணீர் வேண்டாம்.

குட்டி ஒரு தடவை, ரெண்டு தடவை இளகிப் போனால், ஆனால் ஓடி ஆடி விளையாடுகிறது, பசி எடுக்கிறது என்றால் பயம் இல்லை. பாலை நிறுத்திவிட்டு, உப்பு லேசாகப் போட்ட சோற்றுக் கஞ்சியைக் கொஞ்சம் கொஞ்சமாக நக்க விடுங்கள். காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு சிறிய கரண்டி சர்க்கரை, அரைக் கரண்டி உப்பு கலந்து, அதாவது டீக்கரண்டியில் தலைதட்டி அளந்து, அடிக்கடி கொடுக்கலாம். நமக்குப் பேதிக்கு வாங்குகிற மாத்திரை, ஜுர மாத்திரை, வலி மாத்திரை எதையும் உடைத்துக் கொடுக்காதீர்கள்.

ஆனால் குட்டி தொடர்ந்து வாந்தி எடுக்கிறது, ரத்தம் கலந்து, நாற்றம் குடலைப் பிடுங்குகிற மாதிரிக் கழிகிறது, தண்ணீரும் தங்கவில்லை என்றால் அது பார்வோ என்கிற வைரஸ் நோயாக இருக்கலாம். அப்போது காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது. நரம்பு வழியாகத் தண்ணீர் ஏற்றினால் பிழைக்கிற குட்டிகள் உண்டு, வீட்டில் வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் பிழைப்பது இல்லை. ஆறு முதல் எட்டு வார வயசில் தொடங்கி, மூன்று நாலு வாரத்துக்கு ஒரு தடவையாக, பதினாறு வாரம் வரை தடுப்பூசி போட்டால் இது பெரும்பாலும் வராது. மூன்றாம் மாதம் வெறிநாய்க்கடித் தடுப்பூசி. அதைப் பற்றிப் பேச ஒரு தனி உரையே வேண்டும். புழு நிறைந்த குட்டிக்குத் தடுப்பூசி சரியாகப் பிடிக்காது என்பதை மட்டும் இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

இதுவரை குட்டிக்காகச் சொன்னேன். இனி உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்காக.

ஒரு பெண் உருண்டைப்புழு ஒரு நாளைக்கு லட்சம் முட்டை வரை போடும். அது குட்டியின் மலத்தோடு வாசலில், களத்தில், பிள்ளைகள் விளையாடுகிற மணலில் விழுகிறது. விழுந்த அன்றைக்கே அந்த முட்டையால் தொந்தரவு இல்லை. அதற்குள்ளே இளம்புழு முதிர ரெண்டு வாரம் போல ஆகும். முதிர்ந்துவிட்டால் மண்ணுக்குள்ளே வருஷக்கணக்கில் கிடக்கும், ஃபினாயில் ஊற்றினாலும் சாகாது. கை கழுவாமல் சோறு தின்கிற பிள்ளையின் வயிற்றுக்குள் போனால், அந்த இளம்புழு ஈரலிலும் நுரையீரலிலும் அலையும். காய்ச்சல், இருமல், இழுப்பு வரும். கண்ணுக்குள் போய்த் தங்கினால் பார்வையே போகலாம். கொக்கிப்புழுவின் இளம்புழு வெறுங்காலில் ஏறினால், தோலுக்கடியில் கோடு கோடாக அரித்துக்கொண்டே ஊர்ந்து போவதைச் சிலர் பார்த்திருப்பீர்கள்.

இதைக் கேட்டுப் பயந்து குட்டியைக் கொண்டுபோய் ரோட்டில் விட்டுவிடாதீர்கள். ரெண்டு வாரம் ஆகும் என்று சொன்னேன் அல்லவா, அதில்தான் வழியும் இருக்கிறது. தினமும் காலையில் குட்டி இருந்த இடத்தை மண்வெட்டியால் அள்ளி, ஒன்றரை அடி குழியில் போட்டு மூடிவிட்டால் முட்டை முதிரவே இடம் இல்லை. எருக்குழியில் போடாதீர்கள், அது கீரைப் பாத்திக்குத் திரும்பி வரும். குட்டி படுக்கிற இடம் வெயில் படுகிற, காய்ந்த இடமாக இருக்கட்டும். கொக்கிப்புழுவின் இளம்புழுவுக்கு வெயிலும் வறட்சியும்தான் எமன்.

கடைசியாக நாடாப்புழு. குட்டியின் ஆசனவாயைச் சுற்றி அரிசி மாதிரி, வெள்ளரி விதை மாதிரி ஒட்டிக்கொண்டு இருந்தால், குட்டி பின்பக்கத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டு போனால் அது ஒரு வகை நாடாப்புழு. தெள்ளுப்பூச்சியைக் கடித்து விழுங்குவதால் வருவது. தெள்ளை ஒழிக்காமல் மாத்திரை மட்டும் கொடுத்தால் ஒரு மாதத்தில் திரும்ப வரும்.

இதைவிட மோசமான நாடாப்புழு ரெண்டு, நாம் கையாலேயே நாய்க்கு ஊட்டுகிறோம். கிடைபோடுகிறவர்களுக்குத் தெரியும். ஒரு ஆடு தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்து, மேயாமல் மெலிந்து விழும். அதன் மூளையில் கோழிமுட்டை அளவுக்கு நீர்க்கட்டி இருக்கும். செத்த ஆட்டின் தலையை உடைத்து நாய்க்குப் போடுவோம். அந்தக் கட்டியைத் தின்ற நாயின் குடலில் நாடாப்புழு வளர்ந்து, அதன் முட்டை நாயின் மலத்தோடு மேய்ச்சல் புல்லில் விழுந்து, அடுத்த ஆட்டின் மூளைக்குப் போகும். உங்கள் பட்டியில் வருஷா வருஷம் ஒன்றிரண்டு ஆடு இப்படிச் சுற்றுகிறது என்றால், மேய்ச்சல் நிலத்தைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் உங்கள் நாயைப் பாருங்கள்.

இன்னொன்று, கிடா வெட்டும்போது ஈரலிலும் நுரையீரலிலும் வெள்ளை வெள்ளையாக நீர்க் கொப்புளம் தெரியும். "இது நல்லா இல்ல" என்று அறுத்து நாய்க்கு எறிந்துவிடுவோம். அதில் இருந்து நாயின் குடலில் வளருகிற நாடாப்புழு எள்ளு அளவுதான். மலத்தில் கண்ணுக்கே தெரியாது, நாய்க்கும் ஒரு சீக்கும் காட்டாது. ஆனால் அதன் முட்டை நாயின் ரோமத்தில் ஒட்டி, கட்டிப் பிடித்து விளையாடுகிற பிள்ளையின் கை வழியாக உள்ளே போனால், ஈரலில் அதே நீர்க்கட்டி மெள்ள மெள்ள வருஷக்கணக்கில் வளரும். பெரிய ஆபரேஷன் வரை கொண்டுபோய் விடும்.

இது ஒழிக்க முடியாத நோய் அல்ல. வடக்கே பனிக் கடலுக்குள் ஐஸ்லாந்து என்று ஒரு தீவு நாடு. அந்தக் காலத்தில் அங்கே ஆடு மேய்ப்பதுதான் முக்கியப் பிழைப்பு, வீட்டுக்கு வீடு நாய். ஒரு காலத்தில் இந்த நீர்க்கட்டி நோய் அங்கே மனிதர்களை வாட்டி எடுத்தது. 1863-ல் டென்மார்க் நாட்டு விஞ்ஞானி ஹரால்டு கிராபே அங்கே போய் நாய்களை அறுத்துச் சோதித்து, நோயின் வழியைக் கண்டு சொன்னார். அதற்குப் பிறகு, வெட்டுகிற ஆட்டின் கெட்ட ஈரலை நாய்க்குப் போடாதே, புதைத்துவிடு என்று ஒரு சின்னப் புத்தகம் எழுதி வீடு வீடாக இலவசமாகக் கொடுத்தார்கள். நாய்களுக்கு மருந்து கொடுக்கச் சட்டமும் வந்தது. அந்த நோய் அந்த நாட்டை விட்டே போய்விட்டது. மாத்திரை என்று சொல்லிக்கொள்கிற மாதிரி நல்ல மாத்திரை இல்லாத காலம் அது.

நமக்கு இன்றைக்கு மாத்திரையும் இருக்கிறது. பிரசிகுவான்டல், கிலோவுக்கு 5 மில்லிகிராம். பைரன்டல் நாடாப்புழுவுக்குக் கேட்காது, அதனால் வாங்கும்போது ரெண்டும் கலந்த மாத்திரையா என்று கேட்டு வாங்குங்கள். நாலு வாரத்துக்கு உட்பட்ட குட்டிக்கு இது வேண்டாம். கிடையோடு திரிகிற நாய்க்கும், கறிக்கடைப் பக்கம் போய் வருகிற நாய்க்கும் மூன்று மாதம் வரை காத்திருக்காமல் ஆறு வாரத்துக்கு ஒரு தடவை கொடுங்கள். மருந்து கொடுத்த ரெண்டு மூன்று நாள் நாயைக் கட்டிப் போட்டு, அது கழிந்ததை எல்லாம் அள்ளிப் புதைத்துவிடுங்கள்.

கோயில் கொடைக்குக் கிடா வெட்டுகிற அன்றைக்கு, வெட்டுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே மூன்று அடி ஆழத்துக்கு ஒரு குழி முன்கூட்டியே தோண்டி வையுங்கள். கொப்புளம் உள்ள ஈரல், நுரையீரல், தலையில் நீர்க்கட்டி எல்லாம் நேராக அந்தக் குழிக்குள். மேலே முள்ளைப் போட்டு மூடினால் ஊர் நாய்கள் கிளறாது. நாய்க்குக் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் சின்னத் துண்டாக அரிந்து முக்கால் மணி நேரம் தளதளவென்று கொதிக்க வைத்துக் கொடுங்கள். குட்டிக்கு அடுத்த தவணை என்றைக்கு என்று இப்போதே காலண்டரில் ஒரு வட்டம் போட்டுவிடுங்கள்.